வக்கீல் கூண்டு மாறிய நாள்

எல்லாம் அந்தக் கடைசி வரியால் வந்த வினை. ஆராய்ச்சி அறிக்கை எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, வீட்டுக்கு வந்தவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே “அப்புறம் ஒருநாள் வர்றேன்” என்பதுபோல, “இது மேலும் ஆராயப்பட வேண்டும்” என்று ஒரு வரி போட்டுவிட்டுத்தான் பேனாவை மூடுவார்கள். யாரும் அதைப் படிப்பதில்லை. எழுதுகிறவர்களே திரும்பிப் பார்ப்பதில்லை. எழுத்தம்மாவும் அப்படித்தான் எழுதினாள். ‘கற்றுக்கொண்ட பழக்கத்தை இந்தக் குட்டி தன் சொந்தக் கூட்டத்துக்குக் கொண்டுபோகுமா என்பது மேலும் ஆராயப்பட வேண்டும்.’ எழுதிவிட்டு டீ குடிக்கப் போனாள். பாவி, அன்றைக்கு டீயை முதலில் குடித்துவிட்டு வந்திருக்கலாம்.

எழுத்தம்மா என்பது அந்தக் குரங்கு ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வைத்த பெயர். பதினான்கு வருஷமாக ஒரு கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, யார் யாரைக் கடித்தார்கள், யார் முதலில் ஓடினார்கள், எத்தனை நிமிஷம் கழித்து யார் யாரிடம் போய் ஒட்டிக்கொண்டார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தால் வேறென்ன பெயர் வரும்? கண்ணாடி ஒரு பக்கம்தான் தெரியும். அவள் பார்க்கலாம், குரங்குகளுக்கு அவள் தெரிய மாட்டாள். சத்தமும் உள்ளே போகாது. பார்க்கிறவள் பார்க்க மட்டும்தான் வேண்டும், இருமல்கூட அந்தப் பக்கம் கேட்கக் கூடாது என்று கட்டியவர்கள் நன்றாகவே கட்டியிருந்தார்கள்.

நிலையத்தில் இரண்டு பெரிய கூண்டுகள். ஒன்றில் செம்முகங்கள், இன்னொன்றில் குட்டைவால்கள். இரண்டும் ஒரே குடும்பத்துக் குரங்குகள்தான், ஒன்றுவிட்ட சொந்தம். ஆனால் குணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

செம்முகம் மேல்கீழ் பார்க்கிற இனம். எந்தத் தாய்க்குப் பிறந்தாயோ அந்தத் தாயின் இடம்தான் உன் இடம். மேலே இருப்பவள் முறைத்தால் கீழே இருப்பவன் பல்லைக் காட்டி, முதுகைக் குறுக்கி, இடத்தைக் காலி செய்ய வேண்டும். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் தொலைந்தான். அடி வாங்கிய பிறகு அன்று முழுக்க அடித்தவள் கண்ணில் படாமல் இருப்பதுதான் மரியாதை. அந்தக் கூட்டத்தின் பெரிய தலை ஒரு பெண். கன்னத்தில் மடிப்பும் உட்கார்ந்திருக்கிற தோரணையும் பார்த்து அவளுக்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்தவர் சாவிக்காரர். கூண்டுக் கதவுகளைத் திறந்து மூடி, தீனி வைத்து, தரை கழுவுகிறவர் அவர். எழுத்தம்மாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. “என் மாமியார் தங்கம்ண்ணா” என்றாள். “என் மாமியாரைச் சொன்னேன்மா” என்றார் அவர்.

குட்டைவால்கள் வேறு ரகம். சண்டைக்குக் குறைவே இல்லை, காலையிலிருந்து கூச்சல்தான். ஆனால் கடித்தால் தோல்கூடக் கிழியாது. அடி வாங்கியவன் சும்மா இருக்க மாட்டான், திருப்பிக் கத்துவான், பக்கத்தில் இருப்பவனையும் சாட்சிக்கு இழுப்பான். கத்தி முடித்ததும் இருவரில் ஒருவன் மற்றவனிடம் போய்த் திரும்பி நின்று பின்பக்கத்தைக் காட்டுவான். மற்றவன் இரண்டு கையாலும் அவன் இடுப்பைப் பிடித்துக்கொள்வான். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது. பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும். வெளியாட்கள் வந்தால் சிரித்துவிடுவார்கள். எழுத்தம்மா மட்டும் சிரிக்கவே மாட்டாள். அந்த இடுப்புப் பிடியைப் பதினான்கு வருஷத்தில் பல்லாயிரம் தடவை எழுதிவிட்டாள், இன்னும் அவளுக்கு அலுக்கவில்லை.

செம்முகக் குட்டி ஒன்றைக் குட்டைவால்களோடு வளர்த்தால் அது யார் புத்தியைக் கற்றுக்கொள்ளும்? இதுதான் அந்த வருஷத்து ஆராய்ச்சி. அதற்காகத் தேர்ந்தெடுத்த குட்டிக்குத் தாய் கிடையாது; சளியில் போய்விட்டது. இரண்டரை வயது. செம்முகக் கூட்டத்தில் தாய் இல்லாத பிள்ளை என்றால் எல்லோருக்கும் கடைசி, கேட்க நாதி கிடையாது. மூலையில் உட்கார்ந்து, எல்லோரும் தின்ற பிறகு தரையில் கிடந்ததைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தான். யார் அசைந்தாலும் பல்லைக் காட்டுவான்.

குட்டைவால் கூண்டில் விட்ட முதல் வாரம் அங்கேயும் மூலைதான். இரண்டாவது வாரம் ஒரு கிழட்டு ஆண் குரங்கு தானாகவே வந்து அவன் இடுப்பைப் பிடித்தது. இவன் செத்தேன் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். ஒன்றும் ஆகவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையைத் தாளில் எழுத எழுத்தம்மாவிடம் குறியீடு இல்லை. ஓரத்தில் ஒரு கோடு மட்டும் போட்டு வைத்தாள்.

மூன்றாவது மாதத்தில் பையனுக்கு வாய் முளைத்துவிட்டது. யார் சண்டையிலும் நடுவில் போய் நின்று கத்துவான். தன்மேல் தப்பு இருந்தாலும் கத்துவான். கத்தி முடித்து ஒரு நிமிஷம் ஆகாது, ஓடிப்போய்ப் பின்பக்கத்தைக் காட்டி நிற்பான். “என்னா பேச்சு பேசுறான் பாருங்க! கோர்ட்டுல பொறக்க வேண்டியவன்” என்றார் சாவிக்காரர். அன்றிலிருந்து அவன் வக்கீல். ஐந்தாவது மாத முடிவில் சண்டைக்குப் பிறகு சமாதானம் செய்துகொள்வதில் வக்கீல் குட்டைவால்களையே மிஞ்சிவிட்டான். எழுத்தம்மா அதைத்தான் பெருமையோடு அறிக்கையில் எழுதினாள். அதன் வாலில்தான் அந்தக் கடைசி வரி.

உத்தரவு வந்த அன்று அவள் இயக்குநர் அறைக்கு ஏறக்குறைய ஓடினாள். இயக்குநர் நல்ல மனிதர். அதுதான் பெரிய தொல்லையே. கெட்டவராக இருந்தால் மல்லுக்கு நிற்கலாம். முழங்கால் வலிக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு, “உக்காருங்கம்மா” என்றார்.

“சார், வக்கீலை செம்முகத்துக்கிட்ட திருப்பி விடப் போறீங்களாமே. வேணாம் சார், கொன்னுடுவாங்க.”

“அவன் அங்க பொறந்தவன்தானேம்மா?”

“பொறந்தவன்தான். ஆனா அம்மா இல்லாத பிள்ளை, யாரும் பரிஞ்சுக்கிட்டு வரமாட்டாங்க. முன்னாடியாவது வாயை மூடிக்கிட்டுக் கிடந்தான். இப்ப எதுத்துப் பேசக் கத்துக்கிட்டான். அடிச்சவங்ககிட்டயே திரும்பப் போகவும் கத்துக்கிட்டான்.”

“அதைத்தான் பாக்கணும்னு நீங்களே எழுதியிருக்கீங்க.”

“அது சும்மா எழுதினது சார்!”

“சும்மாவா?” அவர் முகம் சுருங்கிப்போயிற்று. “குழுவுல எல்லாரும் பாராட்டினது அந்த ஒரு வரியைத்தாம்மா. ஒருத்தன் போய் ஒரு கூட்டத்தையே மாத்திட முடியுமான்னு, எவ்வளவு பெரிய கேள்வி அது. நீங்க சும்மா எழுதினேங்கறீங்க.”

எழுத்தம்மாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. “அப்போ குட்டைவால்கூடவே இருக்கட்டும் சார்.”

“அவங்க எல்லாரும் அடுத்த மாசம் வேற நிலையத்துக்குப் போறாங்க. அங்க வேற இனத்தைச் சேத்துக்க மாட்டாங்க.”

“தனியா வச்சுக்கலாம்.”

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “எந்தக் குரங்கையும் தனியா அடைக்கக் கூடாதுன்னு நாலு வருஷம் முன்னாடி சண்டை போட்டு விதி வாங்கினது யாரும்மா?”

அவள்தான். அன்றைக்கு எல்லோரும் கை தட்டினார்கள்.

“பயப்படாதீங்க” என்றார் இயக்குநர். “நிறுத்தற விதி இருக்குல்ல? அடி வாங்கினவன் பத்து நிமிஷம் ஓரமா ஒடுங்கிக் கிடந்தா உடனே வெளிய எடுத்துடலாம். எலும்பு தெரியற காயம்னாலும் எடுத்துடலாம். நீங்க சொன்னா போதும், நான் ஒரு கேள்வி கேக்க மாட்டேன்.”

அந்த விதியும் அவள் கைப்பட எழுதியதுதான். செம்முகத்துக்கு அது கச்சிதமான விதி. பயந்தவன் ஒடுங்குவான், ஒடுங்கினால் நிறுத்து. தானாக மற்றவரை நெருங்கினால் அவனுக்குப் பயமில்லை என்று அர்த்தம், சோதனையைத் தொடரலாம். இதுவரை ஒருதடவைகூடப் பிசகியதில்லை. இப்போதுதான் அதிலிருந்த ஓட்டை அவளுக்குத் தெரிந்தது. அடி வாங்கி ஒடுங்கிக் கிடக்கிற பழக்கத்தைத்தான் வக்கீல் ஐந்து மாதத்தில் மறந்திருந்தான். சொல்லிப் பார்த்தாள். “அப்படியும் ஆகலாம், ஆகாமலும் போகலாம். பாத்தாத்தானே தெரியும்” என்றார் அவர்.

வீட்டில் இரண்டு நாளாக யாருக்கும் நிம்மதி இல்லை. அவள் கணவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. நகரத்தில் பாதிப் பேர் மேலே போவதும் கீழே வருவதும் தன் தயவில்தான் என்று பீற்றிக்கொள்ளும் ஆள். அவர்களுக்குள் சண்டை வந்தால் பதினைந்து நிமிஷத்துக்குள் அவர் ஏதாவது சாக்கு வைத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். “இன்னைக்கு எத்தனை நிமிஷம்? எழுதிக்கிட்டியா?” என்று வம்பிழுப்பார். அன்று அவரும் வம்பிழுக்கவில்லை.

“பேசாம பையில போட்டுத் தூக்கிட்டு வந்துடு” என்றார். “அஞ்சாவது மாடி. லிஃப்ட்டை நான் நிறுத்தி வைக்கிறேன், எவனும் தேடி வரமுடியாது.”

“உங்களுக்கு எல்லாம் விளையாட்டா இருக்கு.”

“விளையாட்டு இல்லம்மா. வேற என்னத்தைச் சொல்றது நான்?”

பத்து வயது மகள் வீட்டுப் பாடத்திலிருந்து தலையைத் தூக்கினாள். “அம்மா, அவன்கிட்ட சொல்லிட்டா என்ன? அங்க போனா வாயை மூடிக்கிட்டு இரு, யார்கிட்டயும் போகாதன்னு.”

“எப்படிடி சொல்றது?”

மகள் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். பிறகு, “தெரியலம்மா” என்று சொல்லிவிட்டு மறுபடி கணக்கைப் போட ஆரம்பித்தாள். எழுத்தம்மா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சாவிக்காரர் இணைப்புக் கதவைத் திறந்தார். செம்முகக் கூண்டுக்குள் வக்கீல் நடந்து வந்தான். நடையைப் பார்க்க வேண்டுமே! வாலைத் தூக்கிக்கொண்டு, வெளியூர் போய்த் திரும்பியவன்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தான். இருபத்திரண்டு செம்முகங்களும் தின்பதை நிறுத்தின. எழுத்தம்மா மடியில் தாளை வைத்துக்கொண்டு, “குறுக்குடா, முதுகைக் குறுக்குடா” என்று முணுமுணுத்தாள்.

மாமியார் எழுந்து முறைத்தாள். முறைத்த உடனே இடத்தைக் காலி செய்திருந்தால் அதோடு போயிருக்கும். வக்கீல் நின்ற இடத்தில் நின்று ஒரு கத்து கத்தினான். அந்தக் கூண்டில் மாமியாரைப் பார்த்து அப்படிக் கத்தியவர்கள் அதுவரை யாரும் இல்லை. மற்றதுகள் பேயறைந்ததுபோல உட்கார்ந்திருந்தன. மறு நொடி மாமியாரும் அவளுடைய இரண்டு மகள்களும் அவன்மேல் விழுந்தார்கள். பிரிந்தபோது அவன் காது நுனி கிழிந்திருந்தது.

எழுத்தம்மா கடிகாரத்தை அழுத்தினாள். ஒடுங்கு. பத்து நிமிஷம், பத்தே பத்து நிமிஷம் ஓரமாக உட்கார்ந்துகொள், நான் உன்னை வெளியே எடுத்துவிடுகிறேன். வக்கீல் காதைத் தொட்டுப் பார்த்தான். விரலை முகர்ந்தான். நாற்பது நொடி ஆகியிருக்கும். எழுந்து நேராக மாமியாரிடம் போய், திரும்பி நின்று, பின்பக்கத்தைக் காட்டினான்.

இந்த முறை வால் அடியில் கடி. சத்தம் கண்ணாடி தாண்டி வராது, வாய் திறப்பதுதான் தெரிந்தது. ஓடினான். மூலைக்குப் போனான். அவள் மறுபடி கடிகாரத்தை அழுத்தினாள். ஒரு நிமிஷம். இரண்டு. மூன்றாவது நிமிஷத்தில் அவன் தலையைத் தூக்கி மாமியாரைப் பார்த்தான். அவள் இன்னும் கோபமாகவே இருந்தாள். அவன் அறிந்த உலகத்தில் கோபத்தோடு ஒருவரை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது முறையில்லை. எழுந்தான்.

“ஐயோ, இவனை என்ன பண்றது!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள் எழுத்தம்மா. ஐந்தாவது தடவை போனபோது கையில் கடித்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் தாளில் எழுதினாள்: நெருங்கினான், தானாக. நெருங்கினான், தானாக. எழுத்துக் கோணலாயிற்று. சுவரில் இருந்த போனை எடுத்து இயக்குநரைக் கூப்பிட்டாள்.

“சார், அஞ்சு தடவை கிட்டப் போனான், அஞ்சு தடவையும் கடிச்சுட்டாங்க.”

“எலும்பு தெரியுதா?”

“இல்ல. எல்லாம் சின்னக் காயம்தான். ஆனா கையை ஊனமாட்டேங்கறான்.”

“ஒடுங்கிட்டானா?”

அவள் மடியில் இருந்த தாளைப் பார்த்தாள். பதினான்கு வருஷத்தில் அந்தத் தாளில் ஒரு பொய் எழுதியதில்லை. அவளுக்கென்று இருந்த ஒரே கர்வம் அதுதான். “திரும்பத் திரும்ப அவங்ககிட்டயே போறான் சார்.”

“தானா போறானா?” அவர் குரலில் ஒரு துள்ளல். “அஞ்சு தடவையும்? அம்மா, இது இதுவரைக்கும் யாருமே பாக்காத விஷயம்மா. இன்னும் கொஞ்சம் விடுங்க. மாமியார் ஒரே ஒரு தடவை இடுப்பைத் தொட்டுட்டா போதும்.”

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மனுஷன் ஆசையில் பேசுகிறார், அவர்மேல் கோபம்கூட வரவில்லை. இந்த ஆசை அவளுக்கும் ஒரு காலத்தில் இருந்தது. அதனால்தான் அந்த வரியே வந்தது. உள்ளே வக்கீல் ஆறாவது தடவையாக எழுந்துகொண்டிருந்தான், மூன்று காலில்.

ஆறாவது தடவை கடி உதட்டில். அப்போது அவள் பென்சிலைக் கீழே போட்டாள். மறுபடி போனை எடுத்தாள்.

“சார், ஒடுங்கிட்டான்.”

“எவ்வளவு நேரமா?”

“பத்து நிமிஷம் ஆச்சு. மூலையில கிடக்கறான். அசையல.” கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வக்கீல் கூண்டின் நடுவில் உட்கார்ந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சொன்ன வாக்குப்படி இயக்குநர் ஒரு கேள்வி கேட்கவில்லை. “எடுத்துடுங்க. உடனே எடுத்துடுங்க. டாக்டரம்மாவை அனுப்பறேன், நீங்க லைன்லயே இருங்க” என்றார். பொய் சொல்வது இவ்வளவு சுலபமா? முதல் கடியிலேயே சொல்லியிருக்கலாமே என்று அவள் தன் தலையில் அடித்துக்கொண்டாள். போன் ஒரு கையில் இருக்க, மறு கையால் சாவிக்காரருக்கான மணியை அழுத்தினாள்.

சாவிக்காரர் தயாராகவே நின்றிருந்தார் போலிருக்கிறது. மணி அடித்த நொடியில் இணைப்புக் கதவு மேலே போயிற்று. இருபத்திரண்டு செம்முகங்கள் இருக்கிற கூண்டுக்குள் மனிதர் யாரும் காலை வைக்க முடியாது. டாக்டரம்மா மயக்க ஊசியோடு வர அடுத்த கட்டிடத்திலிருந்து பத்து நிமிஷமாவது ஆகும். அதற்குள் அவன் தானாக வந்தால்தான் உண்டு. சாவிக்காரர் கதவுக்கு அந்தப் பக்கம் குனிந்து, தீனித் தட்டைத் தட்டுவது அவளுக்குத் தெரிந்தது. அவர் வாய் அசைவதும் தெரிந்தது. வாடா, வாடா ராஜா, வந்துடுடா என்றுதான் சொல்லியிருப்பார்.

வக்கீலுக்குக் கேட்டது. திரும்பினான். நொண்டிக்கொண்டு கதவை நோக்கி வந்தான். பத்தடி. ஐந்தடி. கதவின் வாசல் தகட்டில் ஒரு கையை வைத்துவிட்டான். உள்ளே நறுக்கிய பழம், தெரிந்த முகம், ஐந்து மாதம் தூங்கி எழுந்த இடத்துக்குப் போகிற வழி, எல்லாம் இருந்தன. அவன் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தான்.

பிறகு திரும்பிப் பார்த்தான். மாமியார் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“போடா உள்ள! போ! போடா!” எழுத்தம்மா போனைப் போட்டுவிட்டுக் கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தாள். விதி, பதினான்கு வருஷம், எல்லாம் போயிற்று, தொண்டை கிழியக் கத்தினாள். கண்ணாடி அதிரக்கூட இல்லை. அந்தப் பக்கம் ஒரு காதும் அசையவில்லை.

கணக்கைத் தீர்க்காமல் அவன் போகமாட்டான். தகட்டிலிருந்து கையை எடுத்தான். மூன்று காலில், அவசரமே இல்லாமல், கூண்டின் குறுக்கே நடந்து மாமியாருக்கு முன்னால் போய் நின்றான். திரும்பினான். பின்பக்கத்தைக் காட்டிக் குனிந்து நின்றான். அப்போது அவன் முகம் நேராகக் கண்ணாடிப் பக்கம் இருந்தது. உதடு வீங்கிப்போய்க் கிழிந்த காதோடு, இந்தத் தடவை சரியாகிவிடும் என்று நிச்சயமாக நம்புகிற முகம். பின்னால் மாமியாரும் மகள்களும் எழுந்து வருவதை அவன் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். முதல் கை இடுப்பில் பட்டதும், அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

டாக்டரம்மா பையோடு ஓடி வந்தபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. தரையில் கிடந்த போனிலிருந்து இயக்குநரின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. “அம்மா? எழுத்தம்மா? வந்துட்டானா? கதவுக்குள்ள வந்துட்டானா?”

அவள் குனிந்து போனை எடுத்தாள்.

“வரலை சார்” என்றாள்.